பிராக்கில் அம்மாவோடு ஆறு நாள்: எதற்கு வழிகாட்டி வேண்டும், எதற்கு ரயில் டிக்கெட் போதும்

மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு செக் நாட்டின் தலைநகரான பிராக் போயிருந்தேன். அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலில் தேய்மானம். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இரண்டு டூர்களுக்குப் பணம் கட்டியிருந்தேன். இரண்டுமே சரியாக அமையவில்லை. அங்கே போய் ஊரைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்த மூன்றும் நன்றாக அமைந்தன. ஏன் அப்படி ஆனது என்று திரும்பி வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் போனது 'இலவச' நடை டூர். ஐரோப்பிய நகரங்களில் இது சகஜம். ஒரு சதுக்கத்தில் வண்ணக் குடையோடு ஒருவர் நிற்பார். பெயரைப் பதிந்துகொண்டு அவர் பின்னால் நடக்கலாம், முடிவில் விருப்பம்போலக் கொடுக்கலாம். பெயரில்தான் இலவசம். அந்த வழிகாட்டிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நாம் கொடுப்பதுதான் அவர் வருமானம். பல இடங்களில் கூட்டிவந்த ஒவ்வொரு தலைக்கும் ஒரு தொகையை அவரே நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். இது தெரிந்த பிறகு, பிடித்திருந்தும் கொடுக்காமல் நழுவுவது மனதுக்கு ஒப்பவில்லை. நாங்கள் ஆளுக்கு 300 கொருனா (செக் நாட்டுப் பணம்) கொடுத்தோம். சில்லறை நோட்டாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், கடைசி நேரத்தில் ஏடிஎம் தேட வேண்டியிருக்காது.

அன்று எங்கள் குழுவில் இருபத்தெட்டுப் பேர். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் கீழே எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், மேலே சன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி நிற்கும் அந்த ஒரு நிமிடம் ஜேப்படிக்காரர்களுக்கு வசதியானது என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிப் பைகளை முன்பக்கம் மாட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நகர மன்றக் கட்டிடத்தின் அடியில், தரையில் பதித்த வெள்ளைக் கற்களைக் காட்டினார். சிலுவைகள். எண்ணினால் 27. 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில், தன்னை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் படையிடம் பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) தோற்றது. மறு ஆண்டு ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். அவர்களில் 12 பேரின் தலைகள் சார்லஸ் பாலத்தின் முகப்புக் கோபுரத்தில் பத்து ஆண்டு தொங்கின. அவர் சொல்லி முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தார்.

"நேத்து ராத்திரி இதுமேலதானே நின்னு போட்டோ எடுத்தோம்?"

ஆமாம், அதே இடம்தான். கடிகாரத்தை யார் துணையும் இல்லாமல் பார்த்துவிடலாம், கூட்டமே காட்டிக்கொடுக்கும். காலடியில் இருப்பதைக் காட்டத்தான் ஒரு ஆள் வேண்டும். அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு டூர் விளம்பரத்தையும் இந்தக் கேள்வியோடுதான் படித்தேன்: இவர் இல்லாவிட்டால் நான் எதைக் கவனிக்காமல் போய்விடுவேன்?

ஒரு குறை, இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே குரல். ஓரத்தில் நின்றபோது பாதி காதில் விழவில்லை. அம்மாவால் முன்னால் ஓடிப்போய் நிற்க முடியாது. இரண்டரை மணி நேரத்தில் நடந்த தூரம் அதிகமில்லை. நின்ற நேரம்தான் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட நிற்பது கஷ்டம். அதுவும் பிராக்கின் பழைய தெருக்கள் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கல் பாவியவை. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் உள்ளங்காலில் தெரியும். மறுநாளே தடித்த அடி வைத்த ஷூ ஒன்று வாங்கினோம். நடை டூர் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று எல்லோரும் கேட்கிறோம். எத்தனை இடத்தில் உட்காரலாம் என்றும் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, முன்பே பணம் கட்டிய பேருந்து டூர். செஸ்கி க்ரும்லோவ். வல்தாவா ஆறு வளைந்து வளைந்து ஓட, நடுவில் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் மேலே கோட்டையுமாக இருக்கும் சின்ன ஊர். 1992 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை கணக்கில்தான்.

விளம்பரத்தில் 'ஹோட்டல் வாசலிலிருந்தே ஏற்றிக்கொள்வோம்' என்று இருந்தது. அம்மாவுக்கு வசதி என்று நினைத்தேன். ஏழு மணிக்கு எங்களை ஏற்றினார்கள். மற்ற ஹோட்டல்களைச் சுற்றி முடித்து பிராக்கை விட்டுக் கிளம்பும்போது எட்டு பத்து. தூரம் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். நடுவில் ஒரு நிறுத்தம். க்ரும்லோவ் போய்ச் சேர்ந்தது பதினொன்றேகால். ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். பிறகு சாப்பாடு ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஒன்றரை மணி நேரம் எங்கள் இஷ்டம். மூன்றரைக்குப் பேருந்து. ஹோட்டலுக்குத் திரும்பியது ஏழு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஊரைக் கண்ணால் பார்த்தது இரண்டரை மணி நேரம்!

விளம்பரத்தில் 'கோட்டை' என்றும் இருந்தது. கோட்டை முற்றங்களையும் அகழியில் வளர்க்கும் கரடிகளையும் பார்த்தோம். உள்ளே போக வேண்டுமானால் கோட்டையின் சொந்த வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், தனி டிக்கெட்டில்தான் போக முடியும். அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். எங்கள் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த ஆங்கிலச் சுற்று தொடங்குவதற்குள் பேருந்து நேரம் வந்துவிடும். 'பார்ப்போம்' என்று எழுதியிருந்தால் வெளியிலிருந்தா, உள்ளே போயா என்று கேளுங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்ற கேள்வியைக் கேட்டாலே பதில் தெரிந்துவிடும்.

சாப்பாடு வேறு. பதியும்போதே 'சைவம்' என்று குறித்திருந்தேன். வந்தது பொரித்த சீஸ், கூட வேகவைத்த உருளைக்கிழங்கு. செக் நாட்டில் சைவம் என்று கேட்டால் இதுதான் முதலில் வரும். கட்டியான சீஸ் துண்டை மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சைவமே, தப்பில்லை. அம்மா உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, பசியில்லை" என்றார். பசி இருந்தது, எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிறகு எந்த இடத்திலும் 'சைவம்' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. பாலும் சீஸும் சரி என்று உடைத்து எழுதுகிறேன். பையில் புளியோதரைப் பொட்டலம் ஒன்றும் தவறாமல் இருந்தது. ஒரு நாள் டூரில் சாப்பாடு சேர்த்தி என்றால் எனக்கு இப்போது அது ஈர்ப்பே இல்லை. ஊரில் கிடைக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

க்ரும்லோவ் போக ஆசையிருந்தால் ஒரு இரவு தங்குங்கள். பிராக்கிலிருந்து சாதாரணப் பேருந்துகளே நேராகப் போகின்றன. பகல் கூட்டம் மாலையில் கிளம்பிய பிறகு ஆற்றங்கரை நம்முடையது என்று அங்கே கடை வைத்திருந்த பெண்மணி சொன்னார். எங்களுக்குத்தான் வாய்க்கவில்லை.

இரண்டாவது தவறு சனிக்கிழமை. யூதர் குடியிருப்புப் பகுதியான யோசெஃபோவில் நடை டூர், சின்னக் குழு, நல்ல விலை. வழிகாட்டி வந்ததும் முதல் வாக்கியமாகச் சொன்னார்: இன்று சப்பாத், யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள், எந்த யூதக் கோயிலும் திறந்திருக்காது, கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். வெளியிலிருந்துதான் சொல்லப்போகிறேன். அவர் மேல் தப்பில்லை. உண்மையை மறைக்காமல் சொன்னார். விற்ற நிறுவனம்தான் சனிக்கிழமைக்கு டிக்கெட் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த இடங்களைப் பராமரிக்கும் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும் என்பது அதன் தளத்திலேயே முதலில் இருக்கும் தகவல். இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிந்திருப்பேன். நம் ஊரில் எந்தக் கோயில் நடை எப்போது சாத்தும் என்று கேட்காமல் கிளம்புவோமா? அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோயிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, வழிகாட்டி இல்லாமல் நாங்களே டிக்கெட் எடுத்து பிங்காஸ் யூதக் கோயிலுக்குள் போனோம். சுவர் முழுக்கப் பெயர்கள். பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள், கையால் எழுதியவை. குடும்பப் பெயர் சிவப்பில், அதன் பின்னால் ஆளின் பெயரும் தேதிகளும் கறுப்பில். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஏதோ வண்ணக்கோலம் என்று தோன்றும். கிட்டப் போனால் எழுத்து. ஒரே குடும்பப் பெயருக்குப் பின்னால் ஐந்து, ஆறு பெயர்கள் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, ஆனாலும் பிறந்த வருடத்தை மட்டும் படித்துக்கொண்டே நகர்ந்தார். 1938 என்ற இடத்தில் நின்றுவிட்டார். "குழந்தை" என்றார்.

மாடியில் தெரெசின் கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊரில், இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே அடைபட்டிருந்தபோது குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதற்கு முன் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த படங்கள், சுமார் 4,500, தப்பிப் பிழைத்தன. வீடு, பூ, பட்டாம்பூச்சி, படுக்கை அடுக்குகள். இங்கே வழிகாட்டி இல்லாதது நல்லதாகப் போயிற்று. அடுத்த இடத்துக்கு யாரும் நம்மை அவசரப்படுத்தவில்லை.

கீழே இறங்கி வந்ததும் அம்மாதான் கேட்டார், அந்தக் குழந்தைகள் இருந்த ஊர் எங்கே இருக்கிறது, போக முடியுமா என்று. பிராக்கிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர். ஹோலெஷோவிட்சே ரயில் நிலையம் பக்கத்திலிருந்து பேருந்து உண்டு, ஒரு மணி நேரம்தான். நாங்களே போயிருக்கலாம். ஆனால் அன்றிரவு படித்துப் பார்த்தபோது தெரெசின் இன்றைக்கும் மக்கள் குடியிருக்கும் சாதாரண ஊர் என்று புரிந்தது. எந்தக் கட்டிடம் என்னவாக இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கோட்டைச் சிறை ஓரிடம், கெட்டோவாக இருந்த ஊர் ஆற்றைத் தாண்டி வேறிடம், நடுவே நல்ல நடை. இங்கே வழிகாட்டி வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பதிவதற்கு முன் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விகளை அனுப்பினேன். ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? தெரெசினில் மட்டும் எத்தனை மணி நேரம்? சிறை மட்டுமா, ஊருமா? அதே நாளில் வேறு ஊரையோ மதுக்கூடத்தையோ சேர்க்கிறீர்களா? முழங்கால் வலி உள்ளவர் எந்த இடத்தில் சிரமப்படுவார்? ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. இன்னொன்று "எல்லோருக்கும் ஏற்றது" என்று ஒரே வரி அனுப்பியது. மூன்றாவது இடத்தில் வழிகாட்டியே பதில் எழுதியிருந்தார்: எட்டுப் பேர், தெரெசினில் நாலரை மணி நேரம், வேறு ஊர் கிடையாது, சிறைக்குள் 500 மீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை ஒன்று வரும், உங்கள் அம்மா அதில் வர வேண்டியதில்லை, வெளிவழியாக அவரை அழைத்துவர ஏற்பாடு செய்கிறேன். அந்தச் சுரங்கப் பாதையைப் பற்றிச் சொன்ன வரியைப் படித்ததுமே பணம் கட்டிவிட்டேன். அந்த இடத்தில் உண்மையிலேயே நடந்து பழகியவர்தான் அப்படி எழுத முடியும்.

வழிகாட்டி அறுபதை ஒட்டிய பெண்மணி. வண்டியில் போகும்போதே வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜோசப் பேரரசர் கட்டிய கோட்டை நகரம், தாய் மரியா தெரேசாவின் பெயரால் தெரெசின். முதல் உலகப்போரைக் கிளப்பிவிட்ட சரயேவோ கொலையைச் செய்த கவ்ரிலோ பிரின்சிப் இங்கே சிறையில் கிடந்து 1918-இல் இறந்தான். 1940 முதல் சின்னக் கோட்டை, நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறை. 1941 நவம்பர் முதல் ஊர் கெட்டோ. "உள்ளே போன பிறகு குறைவாகத்தான் பேசுவேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

சிறைக்குள் ஓர் அறை. சுவரோரம் வரிசையாக வெள்ளைக் கைகழுவும் தொட்டிகள், மேலே கண்ணாடிகள். நேற்றுக் கட்டியதுபோல இருந்தது. எல்லோரும் உள்ளே வரும்வரை காத்திருந்துவிட்டு, 1944-இல் செஞ்சிலுவைச் சங்கத்தினர் சோதனைக்கு வந்தால் காட்டுவதற்காகக் கட்டியது, ஒருமுறைகூடக் கைதிகள் பயன்படுத்தவில்லை என்றார். அவ்வளவுதான். பிறகு ஊருக்குள் போனபோது, அதே ஆண்டு ஜூன் 23 அன்று சங்கத்தினர் வந்ததையும், அவர்களுக்குக் காட்ட வீடுகளுக்கு வண்ணம் பூசியதையும், நெரிசல் தெரியக்கூடாதென்று மே மாதத்தில் 7,500 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பியதையும் அந்தச் சதுக்கத்திலேயே நிறுத்திச் சொன்னார். போருக்கு முன் 7,000 பேர் அளவில் இருந்த ஊரில் 1942 செப்டம்பரில் 58,000 பேரைத் திணித்திருந்தார்கள். அவர் கை காட்டிய சன்னலில் இப்போது யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்.

ஒரு வீட்டு முற்றத்துக்குள் கூட்டிப்போனார். கொட்டகை மாதிரி இருந்த ஒரு சின்ன அறை. உள்ளே கூரையில் நட்சத்திரங்கள், சுவரில் ஹீப்ரு எழுத்துகள். அடைபட்டிருந்தவர்கள் ரகசியமாக வழிபட்ட இடம். நாங்களாக வந்திருந்தால் அந்த வாசலைக் கடந்து போயிருப்போம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது வண்டியில் அம்மாவின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

தெரெசினை வேறு எந்த இடத்தோடும் சேர்த்துப் போகாதீர்கள். காலையில் தெரெசின், மதியம் மதுக்கூடம் என்று விற்கிறார்கள். அந்த மதிய நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

செவ்வாய்க்கிழமை குட்னா ஹோரா, பழைய வெள்ளிச் சுரங்க ஊர். இதற்கு டூர் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். பிராக் தலைமை ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். டூர் விலையில் சிறு பங்குதான் ரயில் டிக்கெட். பார்க்க வேண்டியவை எல்லாம் பெயர்ப்பலகையோடு கண்முன்னே இருக்கின்றன. செட்லெட்ஸ் எலும்புக் கூடம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அதன் வாசலில் டிக்கெட் கிடைக்காது, பக்கத்துத் தகவல் மையத்தில் முதலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். சுமார் 40,000 பேரின் எலும்புகளை 1870-இல் ஃப்ரான்டிசெக் ரின்ட் என்ற மரச்சிற்பி அடுக்கி, சரவிளக்கும் குடும்பச் சின்னமும் செய்து, தன் பெயரையும் எலும்பாலேயே எழுதிவைத்திருக்கிறார். படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் உள்ளே அமைதி இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். டூரில் வந்திருந்தால் குழு முடிக்கும்வரை நின்றிருக்க வேண்டும். நகரப் பேருந்து பிடித்து ஊருக்குள் போய்விட்டோம்.

புனித பார்பரா தேவாலயத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உட்கார இடம் இருந்தது! 1388-இல் தொடங்கி, வெள்ளி வற்றி, பணம் நின்று, 1905-இல்தான் முடிந்த கோயில். சுரங்கத் தொழிலாளர்களின் காவல் தெய்வம் பார்பரா. உள்ளே வெள்ளை அங்கி போட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சிலையும் உண்டு.

வெள்ளி அருங்காட்சியகத்தின் பழைய சுரங்கத்துக்குள் அவர்கள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். அம்மாவைச் சிலைகள் வரிசையாக நிற்கும் மாடத்தில், நிழலில், புளியோதரையோடு உட்காரவைத்தேன். தலைக்கவசம், விளக்கு, வெள்ளை அங்கி கொடுத்தார்கள். தலைகுனிந்தும் பக்கவாட்டில் நகர்ந்தும் போக வேண்டிய இடுக்குகள். நடுவில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தும் தெரியவில்லை.

மேலே வந்து நடந்ததைச் சொன்னேன். அந்த வெள்ளை அங்கியைப் பற்றிச் சொன்னதும் அம்மா நிறுத்தினார். "கோயில்ல அந்தச் சிலை போட்டிருந்துச்சே, அதேதானா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னொருமுறை பார்க்கணும் என்றார். சரி என்று மெதுவாகத் திரும்பி நடந்தோம். நினைத்திருந்த ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் வந்தோம்.